லார்ஜ் கேட்கும் கப்பல்கள்

கப்பலுக்குச் சாமான் ஏற்றுவது சுலபமான தொழில்: லிஸ்டில் எழுதியிருப்பதைக் கொடுக்க வேண்டும், எழுதியவன் மனசில் நினைத்திருந்ததையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எழுதியிருப்பதை எவனும் கொடுத்துவிடுவான். நினைத்தது எது என்று கண்டுபிடிப்பதில்தான் என் தலை நரைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, அரிசி, கயிறு, சோப்பு என்று முப்பத்தைந்து வருஷமாக ஏற்றுகிறேன். லிஸ்டெல்லாம் இங்கிலீஷில் வரும். அதில் கஷ்டமான வார்த்தை எது என்று கேட்டால் எல்லாரும் ஏதாவது இயந்திரத்தின் பெயரைச் சொல்வார்கள். இல்லை. 'லார்ஜ்'. நீங்களும் பட்டிருப்பீர்கள். போனில் படம் பார்த்து லார்ஜ் சட்டை வாங்கி, வந்ததும் பேரனுக்குக் கொடுத்தவர்கள்தானே நாமெல்லாம்.

மூன்று கப்பல்

போன வருஷம் நிலைமை இப்படி. வெளியூர்ப் பெரிய கம்பெனிகள் இன்டர்நெட்டிலேயே ஆர்டர் பிடித்துவிடுகின்றன. எங்களுக்கு மிஞ்சியது மாதத்துக்கு ஒன்றிரண்டு கப்பல். எங்களுக்கு என்றால், எனக்கும் அந்தோணிக்கும். அந்தோணி என் கூட்டாளி. மினி லாரி அவனுடையது, கடை என்னுடையது, வாய் இரண்டு பேருக்கும் பொது. கடையைப் பூட்டினால் வீட்டில் உட்கார வேண்டும். எனக்கு உட்காரத் தெரியாது. அது என் மனைவிக்கும் தெரியும். என்னைவிட அவள்தான் அதிகம் பயந்தாள்.

அப்போதுதான் நிலக்கரி கொண்டுவரும் ஒரு கம்பெனியின் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு அம்மாள். நாற்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டினார், காபி சொல்லவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. மூன்று கப்பலுக்குச் சாமான் ஏற்ற வேண்டும், மூன்றும் சரியாக அமைந்தால் அவர்களுடைய எல்லாக் கப்பலும் எங்களுக்கு என்றார். கப்பலில் சாமானை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த ரசீதின் அடியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. குறை இருந்தால் அங்கே எழுதுவார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள் சொன்னார்: "ஒரு புகார் வந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிடுவோம் சார். நல்லாவே நன்றி சொல்வோம்."

அறுபது மில்லி

முதல் லிஸ்ட் வந்தது. ஒரே பக்கத்தில் பதினோரு லார்ஜ். வெங்காயம் லார்ஜ், உருளை லார்ஜ், எலுமிச்சை லார்ஜ், முட்டை லார்ஜ், குப்பைப் பை லார்ஜ். எத்தனை கிராம், எத்தனை அங்குலம், ஒன்றும் கிடையாது. எழுதியவனுக்கு ஒரு நொடி. எங்களுக்கு ஒரு நாள்.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் உப்பு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றோம். நான் லிஸ்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு மனுஷன் 'பெரிசு' என்று சொன்னால் எவ்வளவு பெரிசு என்று வைத்துக்கொள்வது? அந்தோணி ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி யோசித்தான். யோசித்தது தொழிலைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

"இதுக்குப் போயி ஏன் அண்ணாச்சி கெடந்து கத்துதிய? பார்ல போயி லார்ஜுன்னு கேட்டா அறுவது மில்லி ஊத்துதான். அம்புட்டுத்தான் இங்கிலீஷ்காரனுக்குப் பெருசு."

எங்கள் ஊர்ப் பெரிசு

முதல் கப்பலில் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். சிரித்த முகம், கறாரான கை. மூட்டையை அவிழ்த்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார். விரலை மூடினார். வெங்காயம் காணாமல் போனது. "லார்ஜ்?" என்றார்.

தப்பு எங்களுடையது. லார்ஜ் வெங்காயம் என்றதும் நாங்கள் இரண்டு பேரும் யோசிக்காமல் பல்லாரி என்று எடுத்துக்கொண்டோம். நம் பக்கத்தில் வெங்காயம் இரண்டு ஜாதி. சாம்பாருக்குச் சின்னது, மற்றதெல்லாம் பல்லாரி. பல்லாரியிலேயே பொடிசு, பெரிசு என்று இருப்பதை அன்றைக்கு இரண்டு பேருமே பார்க்கவில்லை. வந்திருந்தது பொடிசு.

சமையல்காரர் பேனாவைத் தேடினார். எனக்கு ரிமார்க்ஸ் கட்டம் மட்டும் தெரிந்தது. அந்தோணி சட்டென்று லாரிக்கு இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது கையில் அவனுடைய கஞ்சிச் சட்டி. அதில் கடித்துக்கொள்ள வைத்திருந்த சின்ன வெங்காயத்தில் ஒன்றை எடுத்துப் பல்லாரிக்குப் பக்கத்தில் வைத்தான். "ஸ்மால்," என்றான். பல்லாரியைத் தொட்டு, "லார்ஜ்," என்றான். அவனுடைய மொத்த இங்கிலீஷும் அத்துடன் முடிந்தது.

சமையல்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலைக்குள் பெரிசாகப் பார்த்து மாற்றித் தருகிறேன் என்றேன். தந்தேன். கட்டம் காலியாகவே இருந்தது. ஆனால் அந்தச் சின்ன வெங்காயத்தை அவர் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "உங்கள் ஊரில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாரும் பெரியவர்களோ?"

இன்ஜினியரின் முழங்கால்

அதே கப்பலில் இன்னொன்று. வேலைக்குப் போடும் முழு உடுப்பு, கால்சட்டையும் மேல்சட்டையும் ஒன்றாகத் தைத்தது, ஆறு லார்ஜ் கேட்டிருந்தார்கள். வாங்கினோம். கழுத்துப்பட்டியில் லார்ஜ் என்று தெளிவாக நூலால் தைத்திருந்தது. அச்சடித்ததுகூட இல்லை, தைத்தது. அதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

போட்டுப் பார்க்க வந்த இன்ஜினியர் உக்ரேன்காரர். கதவுக்குள் குனிந்துதான் வந்தார். கால் நுழைந்தது, முழங்கால் வரைக்கும். அத்துடன் நின்றது. நான் கழுத்துப்பட்டியைக் காட்டினேன். அவர் தன் முழங்காலைக் காட்டினார். ஆளுக்கு ஒரு ஆதாரம். தைத்த தேசத்தில் அது லார்ஜ்தான், அவர் பிறந்த தேசத்தில் அது கைக்குட்டை. கடைக்கு ஓடி எக்ஸ் மூன்று போட்ட உடுப்பாக மாற்றி வந்தோம். பழையதை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "என் மகனுக்கு எடுத்துப் போயிருப்பேன். அவன் போன வருஷமே பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான்."

கொசுறு

இரண்டாம் கப்பல். இந்தத் தடவை ஏமாறவில்லை. மார்க்கெட்டில் செல்வமணியிடம் போய் ஒவ்வொன்றையும் கையால் பொறுக்கினேன். செல்வமணி மொத்தக் காய்கறி வியாபாரி, விளாத்திகுளத்துக்காரி. அவள் குரல் மார்க்கெட்டின் இந்தக் கோடியில் ஆரம்பித்தால் அந்தக் கோடியில் விலை இறங்கும். பொறுக்கியதை நிறுத்தாள். நிறுத்த பிறகு அவள் பாட்டுக்குத் தக்காளியில் ஐந்தாறு கை, கத்தரியில் இரண்டு கை, முருங்கைக்காயில் ஒரு கட்டு, மேலே போட்டாள். வழக்கம்தான். நான் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கொசுறு வேண்டாம் என்று சொன்னவன் இந்த ஊரில் உண்டா?

கப்பலில் வாங்கிக்கொள்ள நின்றது ஒரு சின்ன வயசு அதிகாரி. கையில் எலக்ட்ரானிக் தராசு. நாற்பது கிலோ தக்காளிக்கு நாற்பத்திரண்டரை காட்டியது. பையன் வெளிறிப்போனான். குறைந்தால் எழுத அவனுக்குத் தெரியும். கூடினால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கப்பலில் இருக்கும் சாமானெல்லாம் அவன் சுங்கத்துக்குக் கொடுக்கிற கணக்கோடு ஒத்துப்போக வேண்டுமாம். "லிஸ்டுக்கும் சாமானுக்கும் வித்தியாசம்" என்று எழுதப் போனான். அன்பளிப்பு என்றேன். அந்த வார்த்தைக்கு இன்னும் பயந்தான். அன்பளிப்புக்குத் தனிப் படிவம் உண்டாம், கேப்டன் கையெழுத்து வேண்டுமாம். கடைசியில் நானும் அந்தோணியும் இரண்டரைக் கிலோ தக்காளி, கத்தரி, ஒரு கட்டு முருங்கைக்காய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கப்பலின் ஆடுகிற ஏணியில் இறங்கினோம். ஏற்றியதற்கு வியர்த்ததைவிட இறக்கியதற்கு அதிகம் வியர்த்தது. கட்டம் காலி. இரண்டு கப்பல் முடிந்தது.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது செல்வமணி முருங்கைக்காயை எடுத்து என்னை அடிக்காத குறை. "கொறச்சுக் குடுத்துச் சண்டை போட்டவன ஆயிரம் பேரப் பாத்திருக்கேன் அண்ணாச்சி. கூடக் குடுத்ததுக்கு மூஞ்சியத் தூக்குனவன இன்னைக்குத்தான் பாக்கேன்."

அகராதி

இதற்கு மேல் பொறுக்கவில்லை. இந்த லார்ஜ் எங்கே பிறந்தது என்று பார்த்துவிடுவது என்று கெட்டி அட்டை அகராதி ஒன்று வாங்கினேன். பழைய புத்தகம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லத்தீனில் 'லார்கஸ்' என்று ஒரு சொல்லாம். அதற்குத் தாராளம், ஏராளம் என்று அர்த்தம். அங்கிருந்து பிரெஞ்சுக்காரன் வீட்டுக்குப் போய், அவன் வழியாக இங்கிலீஷ்காரனிடம் வந்திருக்கிறது. வந்த புதிதில் இங்கிலீஷிலும் கை தாராளமான ஆளைத்தான் லார்ஜ் என்றார்களாம். பிறகு அகலமானதைச் சொன்னார்கள். அப்புறம்தான் பெரிசு. இடையில் கட்டில்லாமல் திரிகிறவனுக்கும் அதே சொல்: பிடிபடாத திருடன் இன்றைக்கும் 'அட் லார்ஜ்'தான். ஒரு சொல்லுக்கு இத்தனை வீடு. வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதை நம்பி நான் வெங்காயம் வாங்குகிறேன்.

ஆனால் படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் மார்க்கெட்டில் செல்வமணியிடம் சொன்னேன். ஆதியில் இருந்த அர்த்தப்படி இந்த மார்க்கெட்டிலேயே லார்ஜ் நீ ஒருத்திதான் என்றேன். என் வாயில் வருகிற புகழ்ச்சி வருஷத்துக்கு ஒன்று. அதை இவளுக்குச் செலவு செய்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "குண்டுன்னு தமிழ்ல சொன்னா அடி வாங்குவோம்னு பயந்துதான் இங்கிலீஷ்ல சொல்லுதியளோ?"

அக்னி நட்சத்திரம்

மூன்றாம் கப்பல் மே மாதம் வந்தது. அறுபது தட்டு முட்டை, லார்ஜ். முட்டைக் கடைக்குப் போனால் எல்லாம் கோலிக்குண்டு. கடைக்காரர் கையை விரித்தார். வெயில் ஏறினால் கோழி தண்ணீரைத்தான் குடிக்கும், தீனி எடுக்காது, முட்டை சிறுத்துப்போகும் என்றார். ஆறுமுகநேரி வரைக்கும் போய்ப் பார்த்தோம். திருச்செந்தூரில் லாட்ஜுக்கெல்லாம் முட்டை போடுகிறவரையும் கேட்டோம். எல்லாக் கோழிக்கும் அதே வெயில்தான்.

அந்தோணி ஒரு யோசனை சொன்னான். தொழிலில் எல்லாரும் அறிந்த யோசனை. தேடிப் பிடித்தால் நூறு இருநூறு பெரிய முட்டை கிடைக்கும். ஒவ்வொரு கட்டிலும் மேல் தட்டில் அதை வைத்து, கீழே பொடிசை வைத்துக் கட்டிவிட வேண்டியது. மேலே மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். கீழ்த்தட்டு வரும்போது கப்பல் இலங்கையைத் தாண்டியிருக்கும்.

வேண்டாம் என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு டீ சொன்னேன், குடித்து முடிக்கிற வரைக்கும் கணக்குப் போட்டேன். கடை கண்ணில் வந்தது. வீட்டுக்காரி முகம் வந்தது. பிறகு கீழ்த்தட்டைத் திறக்கப்போகிற சமையல்காரன் முகமும் வந்து தொலைந்தது. வேண்டாம் என்றேன். அந்தோணி சண்டை போடவில்லை. டீக் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னான்: "சரி. கட பூட்டுறதுன்னு ஆயிருச்சுன்னா, நல்ல பேரோட பூட்டுவோம். பூட்டு நான் வாங்கித் தாரேன்."

சட்டைப் பையில் இரண்டு முட்டை

சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாளே தனியாகக் கப்பலுக்குப் போனேன். சட்டைப் பையில் இரண்டு முட்டை. துறைமுகக் கேட்டில் காவலர் பையைத் தடவிப் பார்த்து என்ன என்றார். முட்டை என்றேன். எதற்கு என்றார். காட்டுவதற்கு என்றேன். என் வயசைப் பார்த்து விட்டுவிட்டார்.

கேப்டன் கோவாக்காரர், ஓய்வு பெறுகிற வயசு. மேஜையில் இரண்டு முட்டையையும் வைத்தேன். ஒன்று உருண்டு ஓடியது, அவரே பிடித்தார். இதுதான் இருக்கிறது, இதைவிடப் பெரிசு அறுபது தட்டுக்கு இந்த வெயிலில் கிடையாது, வேண்டுமென்றால் ஏற்றுகிறேன், வேண்டாமென்றால் முட்டையை லிஸ்டில் அடித்துவிடுங்கள் என்றேன். நாலு வாக்கியம். எனக்கு அது பிரசங்கம்.

அவர் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய்க்கப்பல் காலத்தில் லார்ஜ் என்றால் பின்பக்கத்துக் காற்று என்று சொல்வார்களாம். பாயை விரித்துவிட்டால் கப்பல் சிரமப்படாமல் ஓடும். 'பை' என்றால் எதிர்க்காற்றை ஒட்டிப் போவது. இரண்டிலும் சரியாக ஓடுகிற கப்பலைத்தான் 'பை அண்ட் லார்ஜ்' நல்ல கப்பல் என்றார்களாம். எனக்கு நேரமாகிறது என்றேன். கேப்டன் முதல்முறையாகச் சிரித்தார். முட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் கொண்டுவாருங்கள். என் ஆட்களுக்கு இரண்டுக்குப் பதில் மூன்றாகப் பொரித்துக் கொடுத்தால் போகிறது."

கட்டத்தில் மை

மறுநாள் ஏற்றினோம். சமையல்காரர் எண்ணினார், நிறுத்தார், தலையாட்டினார். ரசீது கேப்டனிடம் போனது. திரும்பி வந்தபோது ரிமார்க்ஸ் கட்டத்தில் மை. 'முட்டை லார்ஜ் இல்லை. சப்ளையர் முந்தின நாளே வந்து சொன்னார்.'

கேப்டனிடம் போய்க் கெஞ்சினேன். முப்பத்தைந்து வருஷத்தில் யாரிடமும் கெஞ்சியதில்லை, அதனால் சரியாக வரவில்லை. வேறு ரசீது தருகிறேன், கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்றேன். முடியாது என்றார். கோபமாக இல்லை, பொறுமையாகவே சொன்னார்: "நீங்கள் உண்மையைச் சொல்லலாம், நான் எழுதக் கூடாதா?"

நாலு நாள் போன் வரவில்லை. கடையில் சாக்கை மடித்தேன், மடித்ததைப் பிரித்தேன். அந்தோணி லாரியைக் கழுவினான், கழுவியதையே மறுபடி கழுவினான். ஐந்தாம் நாள் மேனேஜர் அம்மாள் வரச் சொன்னார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம்.

மேஜையில் மூன்று ரசீதும் வரிசையாக இருந்தன. நான் முந்திக்கொண்டு, மூன்றாவதில் எழுதியிருக்கிறது, தெரியும் என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "புகார் வரக் கூடாதுன்னுதான் சார் சொன்னேன். கட்டம் காலியா இருக்கணும்னு எப்போ சொன்னேன்? சமையல்காரங்களுக்கு பாட்டில் குடுத்தா கட்டம் தானா காலியா வரும். உங்க முதல் ரெண்டு ரசீதையும் பார்த்துட்டு நீங்களும் அந்தக் கூட்டம்தான்னு நெனச்சிருந்தேன்." ஒப்பந்தத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். "மூணாவதைப் படிச்ச பிறகுதான் இதை டைப் பண்ணச் சொன்னேன்."

இந்தத் தடவை காபி வந்தது. அந்தோணி ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். வாசலுக்கு வந்ததும் சொன்னான்: "முட்ட நல்லாப் பெருசா கெடச்சிருந்தா நம்ம கத முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

இப்போது மாதம் ஆறேழு கப்பல் வருகிறது, லார்ஜும் வருகிறது, அகராதி கடையில் காகிதம் பறக்காமல் இருக்கக் கனமாக உதவுகிறது.